மூன்றாவது வளைவின் கொடி

நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பந்தயத் தடத்துக் கொடிக்காரர் ஒருவர் என் காருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். அறுபது வயதிருக்கும். ஆரஞ்சு நிற மேலுடுப்பு, வெயிலில் கறுத்த முகம், கையில் சுருட்டிய மஞ்சள் கொடி. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. என் வாழ்க்கையிலேயே மிக நல்ல பத்து நிமிடங்களை அப்போதுதான் ஓட்டி முடித்துவிட்டு வந்திருந்தேன். உள்ளே சிரித்துக்கொண்டே ஓட்டியிருப்பேன் போலிருக்கிறது, தாடை வலித்தது.

"என் மூஞ்சிய நல்லாப் பாருங்க," என்றார். "இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இல்லையே."

"அதான். மூணாவது வளைவுல ரெண்டு கை தூரத்துல நின்னேன். ஒரு கையில கொடியை ஆட்டிக்கிட்டே, காரோட சேத்துல சிக்கின ஒரு பொண்ணை வெளிய இழுத்துக்கிட்டு இருந்தேன். மூணு சுத்து என்னை உரசிக்கிட்டுப் போனீங்க. மூணு சுத்தும் கொடி ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு."

மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. ஆபத்து விலகும்வரை அதை இறக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். காலையில் நடந்த எழுத்துத் தேர்வில் வந்திருந்த பதினொரு பேரில் கொடிக் கேள்விகளுக்கு முழு மதிப்பெண் வாங்கியது நான் ஒருவன்தான். அதனால் எனக்குக் கோபம் வந்தது. "கொடி காட்டியிருந்தா பாக்காமப் போயிருப்பேனா? நான் என்ன குருடனா?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்த நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் கேட்டேன். அவர் ஓரத்தில் கிடந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

நான் எப்படி இங்கே வந்து மாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி, என் மச்சான், சைலன்சர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவர் அங்கே ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரை விட்டுவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. போன் பண்ணிக் கேட்டால், "நீயே வச்சுக்கப்பா, எனக்கு இடுப்பு வலி" என்றாராம். இரண்டே சீட், கிழிந்த துணிக்கூரை, உட்கார்ந்தால் பின்புறம் ரோட்டைத் தொடுவது போல அவ்வளவு தாழ்வு. இப்படிப்பட்ட பழைய சின்னக் கார்களுக்கென்றே பந்தயத்தில் ஒரு பிரிவு இருப்பதை மச்சான்தான் கண்டுபிடித்தான். எஞ்சினில் கை வைக்கக் கூடாது, எல்லோருக்கும் ஒரே டயர், காசுள்ளவன் காசைக் கொட்டினாலும் பிரயோசனமில்லை. ஓட்டத் தெரிந்தவன் ஜெயிப்பான். இதை அவன் படித்துக் காட்டியபோது யாரோ என்னை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்றே நினைத்தேன்.

ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இருபத்திரண்டு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறேன். விபத்து ஒன்றுகூட இல்லை. டிப்போ சுவரில் என் போட்டோ இருக்கிறது, கீழே தேதி போட்டு. ஆனால் அந்த இருபத்திரண்டு வருடத்தில் நாற்பதைத் தாண்டி ஓட்டிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கியர் மாற்றுவதற்குள் ஸ்டாப் வந்துவிடும். ஒரு தடவையாவது, யாரையும் ஏற்றாமல், யாரையும் இறக்காமல், மிதித்த மிதியில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்றாள். காரைப் பட்டறையில் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு சீட்டுதானா? நல்லதாப் போச்சு, அக்கா புருஷனும் மச்சானும் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்றாள். அப்புறம் ஒரு நாள், கேட்காமலே, பழைய சீட்டின் ஓட்டையை உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. உள்ளேயிருந்த கம்பளம், கதவு அட்டை, ரேடியோ எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தோம். கார் உருண்டால் தலை நசுங்காமலிருக்க மச்சான் குழாயில் கூண்டு கட்டினான். அவன் வெல்டிங் பிசிறில்லாமல் இருந்தது. சோதனைக்கு வந்தவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்று கேட்டார். தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று பழசில் வாங்கினோம். அதற்குக் காலாவதித் தேதி உண்டு என்று யாருக்குத் தெரியும்! மறுபடி புதிது வாங்க வேண்டியதாயிற்று. கொடித் தேர்வுக்காக மச்சான் பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று நிஜ அளவிலேயே கொடிகள் தைத்தான். அவன் மகள் குட்டி கல்லூரி விட்டு வந்ததும், நிற்கிற காரின் மூக்குக்கு நேர் எதிரே நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். "மாமா, இது?" நான் சொல்வேன். "இது எப்ப இறங்கும்?" சொல்வேன். ஒன்றுகூடத் தப்பாகச் சொன்னதில்லை. நேர் எதிரே நின்றுதான் காட்டினாள். அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

மருத்துவச் சான்றிதழிலும் குறையில்லை. எங்கள் தெரு டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். பூச்சி மாதிரி இருக்கிற கடைசி வரிவரை படித்தேன். "இருபது வயசுப் பையன் கண்ணு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பயிற்சி நாள் ஒன்றுதான் பாக்கி. அதில் ஒரு கையெழுத்துக் கிடைத்தால் அடுத்த மாதம் முதல் பந்தயம்.

அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவரை எல்லோரும் டீச்சர் என்றார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போன பெண்மணி. கொடிக்காரர் அவரிடம் போய்ப் பேசியதையும், அவர் என்னைப் பார்த்ததையும் பார்த்தேன். திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தார். "கொடிக்கு நிக்காதவனுக்கு இங்க வேலை இல்லை" என்று ஆரம்பித்தவர், நான் பாவம்போல, "சத்தியமாப் பாக்கலைங்க டீச்சர்" என்றதும் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்தார். "மறுபடி உக்காருங்க. ஹெல்மெட் போடுங்க. பெல்ட்டை நல்லா இறுக்குங்க," என்றார்.

உட்கார்ந்தேன். மச்சான் பெல்ட்டை இழுத்து இறுக்கினான். அந்தச் சீட்டில் உட்கார்ந்து கட்டிவிட்டால் தோளும் இடுப்பும் அசையாது, கழுத்தும் ஹெல்மெட்டோடு கொஞ்சம்தான் திரும்பும். "நேராப் பாருங்க. அந்தத் தண்ணித் தொட்டியை மட்டும். நான் உங்களுக்குப் பின்னாடியிருந்து இடது பக்கமா கொடியை ஆட்டிக்கிட்டே முன்னாடி வருவேன். கொடி தெரிஞ்ச உடனே சொல்லுங்க." அவ்வளவுதானே என்று தொட்டியைப் பார்த்தேன். தொட்டியில் பாசி படிந்திருந்தது, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மச்சான் வலது பக்கம் கொஞ்சம் முன்னால் நின்றான். காத்திருந்தேன். டீச்சர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆரம்பிங்க டீச்சர்," என்றேன்.

மச்சான் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. நான் கழுத்தைத் திருப்பினேன். இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், மஞ்சள் துணி படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் ஆச்சு," என்றார் டீச்சர்.

வலது பக்கம் அதே மாதிரி செய்தார். கதவைத் தாண்டும்போதே சொல்லிவிட்டேன். ஹெல்மெட் மறைக்கிறது என்றேன். சரி, கழற்றுங்கள் என்றார். கழற்றிவிட்டு மறுபடி இடது பக்கம். இந்தத் தடவை காதைத் தீட்டிக்கொண்டு, துணி படபடக்கும் சத்தத்தை வைத்து, "தெரியுது" என்றேன். "நான் இன்னும் உங்களுக்குப் பின்னாடிதான் நிக்கிறேன்," என்றார் அவர். எனக்கு அவமானமாக இருந்தது. இந்த வயதில் பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டேன்.

அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எங்க அம்மாவுக்கு இதேதான். நடுவுல நல்லாத் தெரியும், ஓரத்துலேர்ந்து தின்னுக்கிட்டு வரும். மூணாவது வளைவு வலப்பக்கம் திரும்புது, நீங்க வலது ஓரத்தைப் பாக்குறீங்க, கொடி இடது பக்கம். ரோட்டுல ஓட்டும்போது உடம்பையே திருப்பித் திருப்பிப் பாத்துப் பழகியிருப்பீங்க. அதனால உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இங்க பெல்ட் கட்டினதுல தெரிஞ்சுபோச்சு." பிறகு கேட்டார். "வெளிய என்ன வேலை பாக்குறீங்க?"

என் பெல்ட்டை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. "பட்டறை," என்றேன். "சைலன்சர் வெல்டிங். நானும் மச்சானுமா நடத்துறோம்."

மச்சான் தரையைப் பார்த்தான்.

"நல்ல வேளை," என்றார் டீச்சர். "நாளைக்கே கண் டாக்டரைப் பாருங்க. போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். அதுவரைக்கும் சைக்கிள்கூட ஓட்டாதீங்க." என் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் மடித்து என் மடியில் வைத்தார். கோபமாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

காரை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு திரும்பினோம். மச்சான் ஓட்டினான். அவனுக்கு இடது பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு இடது பக்கம் ஜன்னல். ஜன்னலில் என்னென்ன போகின்றன என்று திரும்பாமல் பார்க்க முயன்றேன். எல்லாம் இருப்பது போலத்தான் இருந்தது. அதுதான் இதில் பெரிய அநியாயம். இருட்டாகத் தெரிந்தாலாவது இருட்டு என்று சொல்லலாம். இல்லாததை இல்லை என்று கண் சொல்வதில்லை, அதுவாக எதையோ வைத்து நிரப்பிக்கொள்கிறது.

பாதி வழியில் மச்சான் வாயைத் திறந்தான். "பட்டறைன்னு சொன்னீங்க அத்தான்."

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? அந்தம்மா எங்கயாவது எழுதிப் போட்டுட்டா?"

"நாளைக்கு டூட்டியா?"

"ஆறே கால் வண்டி."

"லீவு போடுங்க."

"லீவு போட்டு? கண் டாக்டர்கிட்டப் போனா அவர் காகிதம் குடுப்பாரு. காகிதம் டிப்போவுக்குப் போகும். மறுநாளே என்னை வாட்ச்மேன் ரூம்ல உக்கார வச்சுடுவான், இல்லைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவான். எனக்கு வண்டி ஓட்டுறதைத் தவிர என்னடா தெரியும்? ரிட்டயராக இன்னும் மூணு வருஷம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஓட்டிடுவேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கீறல் உண்டா?"

அவன் ஒரு லாரியை முந்திவிட்டுச் சொன்னான். "இந்த வருஷம் மட்டும் பஸ்ஸோட இடது பக்கக் கண்ணாடியை மூணு தடவை எங்கிட்டக் கொண்டுவந்தீங்க. டிப்போவுக்குத் தெரிய வேண்டாம்னு ராத்திரியோட ராத்திரியா ஒட்டிக் குடுத்தேன். பைக்காரன் தட்டிட்டான்னு சொன்னீங்க. நானும் நம்பினேன்."

நானும்தான் நம்பினேன். ஆறு மாதம் முன்புவரை என் பஸ்ஸில் கண்டக்டர் இருந்தார். படியில் தொங்கிக்கொண்டு இடது பக்கம் எட்டிப் பார்த்து, "போலாம் ரைட்" என்பார். "இரு இரு, சைக்கிள்" என்பார். இப்போது டிக்கெட்டை மெஷின் கொடுக்கிறது. என் இடது பக்கத்தை இத்தனை நாளும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, அந்த வண்டியில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. போன மாதம் ஒரு அம்மா ஜன்னலைத் தட்டித் தட்டிக் கத்தினாள். கூடவே ஒரு குழந்தை. என்னம்மா, காலையிலேயே சண்டையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன். எதற்குக் கத்தினாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

"குட்டி அந்த பஸ்லதான் போகுது அத்தான்," என்றான் மச்சான்.

"உம் பொண்ணு எனக்கும் பொண்ணுதான்டா."

"அதனாலதான் சொல்றேன்."

வீட்டில் மனைவி, "பாஸா ஃபெயிலா?" என்றாள். இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "கழுதை மேய்ச்சாச்சா" என்று சிரித்துக்கொண்டே தட்டை வைத்தாள். வழக்கம்போல என் இடது கைப்பக்கம் தண்ணீர் டம்ளரை வைத்தாள், நான் தட்டிவிட்டேன். வழக்கம்போல அவளே துடைத்தாள். இதுவும் எத்தனை நாளாக வழக்கம் என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். கண்ணாடியில் என் மூக்கும் மீசையும் மட்டும் இருந்தன. இடது கண்ணைப் பொத்தினால் மூக்குப் பக்கம் சுவர் கரைந்துபோயிருந்தது. இரண்டையும் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது, சோப்பு டப்பா உட்பட. எனக்கு அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

காலையில் எழுந்து காக்கியைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். வேறு என்ன செய்திருப்பேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கால் தானாகப் போனது. டிப்போவில் என் போட்டோவைப் பார்க்காமல் கடந்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சீட்டிலிருந்து பாதி எழுந்து, இடுப்பை முறுக்கி, இடது பக்கம் முழுக்கப் பார்த்துவிட்டு எடுத்தேன். முன்சீட்டில் தினமும் வருகிற தையற்காரர், "என்ன டிரைவர், கழுத்துப் பிடிச்சுக்கிச்சா?" என்றார். ஆமாம் என்றேன். நாலு ஸ்டாப் நன்றாகவே போயிற்று. ஐந்தாவதும் போயிற்று. இப்படியே ஓட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது, டாக்டரை ரகசியமாகப் பார்த்து மருந்து போட்டுக்கொள்ளலாம், மூன்று வருடம் ஒரு பெரிய காலமா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

குட்டி ஏறுகிற ஸ்டாப் ஒரு வலது திருப்பத்தைத் தாண்டி இருக்கிறது. எதிரே வருகிற வண்டிகளுக்கு நின்று, இடைவெளி பார்த்து, வலது ஓரத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை திருப்பியது. திருப்பினேன். பஸ் நேரானதும் உள்கண்ணாடியைப் பார்த்தேன். பயணிகள் எல்லோருடைய தலையும் இடது பக்கம் திரும்பியிருந்தது. கல்லூரிப் பையன்கள், தையற்காரர், கூடையோடு நின்ற அம்மா, அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே ஒரே இடத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட என் பக்கம் பார்க்கவில்லை.

பிரேக்கை மிதித்தேன். நின்றவர்கள் முன்னால் சரிந்தார்கள். அதற்குப் பிறகுதான் திரும்பினேன்.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மச்சான் நின்றுகொண்டிருந்தான். மூச்சு வாங்கியது. இரண்டு கையாலும் பிடித்து, படுக்கை விரிப்பில் தைத்த அந்த மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க டிரைவர்," என்றார் தையற்காரர். "அந்த முனையிலேர்ந்து ஆட்டிக்கிட்டே கூடவே ஓடி வர்றாரு மனுஷன். உங்களுக்குத் தெரியலையா?"

நான் கதவைத் திறந்தேன். மச்சானுக்குப் பின்னால் நடைபாதையில் குட்டி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக, "குட் மார்னிங் மாமா" என்று குதித்து ஏறுகிறவள். இன்றைக்கு அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏறவில்லை. அவள் கண் சிவந்திருந்தது. ஏதாவது சொல்லுடா என்று மச்சானைப் பார்த்தேன். திட்டினாலும் பரவாயில்லை. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கொடியை ஆட்டினான்.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. "லேட்டாகுது டிரைவர், எடுங்க" என்று யாரோ சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, என் கை சாவியின் மேல் இருந்தது. மச்சானின் தோள் வலித்திருக்க வேண்டும், கை தாழ்ந்து தாழ்ந்து மேலே போயிற்று. ஆனாலும் அவன் கொடியை இறக்கவில்லை.